அரைக் கட்டை இறங்கிய பத்துப் பாட்டு

சேவியர் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனைத் திறக்கிறேன். சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி. இன்னார் வெளியேறினார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சாக்குப்போக்கு இல்லை, போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

முன்பெல்லாம் ஓர் இசைக்குழுவிலிருந்து ஆள் விலகுவதென்றால் ஊருக்கே தெரியும். நாற்காலி உடையும். மைக் ஸ்டாண்டு பறக்கும். விலகினவனின் மாமியார் வந்து நியாயம் கேட்பாள். இப்போது? கட்டைவிரலால் ஒரு தட்டு. ஆளைக் காணோம்.

என்ன குரூப் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். நேராகப் போய் எனக்குப் பழக்கமில்லை – ரொட்டி வேன் ஓட்டிப் பிழைத்தவன் நான். ஜார்ஜ் டவுனில் ஒவ்வொரு சந்துக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தால்தான் ரொட்டி தீரும்.

பினாங்குத் தீவிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலும் மேடையில் வாசித்தவர்கள், இப்போதும் வாசிக்கிறவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு போன் குரூப் வைத்திருக்கிறோம். கோயில் நாதஸ்வரக்காரர் இருக்கிறார். கலியாண வீட்டுக் கீபோர்டுக்காரர்கள் இருக்கிறார்கள். காதில் கடுக்கன் போட்டுக்கொண்டு வேகவேகமாகப் பேசுகிற மாதிரி பாடும் பையன்கள்கூட இருக்கிறார்கள். நான் கோவிந்தன், டோலக்கு. இப்போது மேடை ஏறுவதில்லை. ஆனால் குரூப்பில் காலை வணக்கம் போடுவதில் நான்தான் முதல்.

இந்தக் குரூப்பில் சில மாதமாக ஒரு விளையாட்டு. வாரம் ஒருவர், தன்னை உருவாக்கிய பத்துப் பாட்டைப் போட வேண்டும். பிடித்த பாட்டு வேறு, உருவாக்கிய பாட்டு வேறு. எதைக் கேட்டு நீ வாசிக்க வந்தாய், எது இன்னும் உன் கையிலும் தொண்டையிலும் இருக்கிறது – அதைப் போடு. மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். கருத்து என்றால் என்ன, பாதி கிண்டல்தான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்த விளையாட்டில் மனுஷனைப் பற்றி நிறையத் தெரிந்துவிடுகிறது. முதல் மூன்று பாட்டும் ஜம்பம். பெரிய ராகம், பெரிய பேர், நானும் கேட்டிருக்கிறேன் பார் என்கிற மாதிரி. நான்காவது பாட்டில்தான் ஆள் வெளியே வருவான். நம் நாதஸ்வரக்காரர் ஐயா இருக்கிறாரே... விபூதியும் ஜவ்வாதுமாக இருப்பவர். அவருடைய நான்காவது பாட்டிலிருந்து எல்லாம் இங்கிலீஷ் பாட்டு! கித்தார் அலறுகிற பாட்டு. சின்ன வயசில் வீட்டுக்கு எதிரே சீனன் கோப்பிக்கடையில் நாள் பூரா அதுதான் ஓடுமாம். அந்தக் கித்தார் மாதிரி நாதஸ்வரத்தை அழவைக்க முடியுமா என்று பார்க்கத்தான் ஊத ஆரம்பித்தாராம். அந்தக் கடுக்கன் பையன் என்ன போட்டான் தெரியுமா? அம்மா வெள்ளிக்கிழமை காலையில் வீடு கழுவும்போது போடும் அம்மன் பாட்டு. அத்தனையும்.

போன வாரம் சேவியரின் முறை.

சேவியரைத் தெரியாதவர்களுக்கு – துறைமுகத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். கீபோர்டு வாசிப்பான், பாடுவான். நானும் அவனும் ஒரே குழுவில், ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பெருமாள் அண்ணன் என்று ஒருவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் ஃபேக்டரி ஃபிட்டராக இருந்தார். அவர் நடத்திய கலியாணக் குழு. குழு கலைந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனால் சேவியர் மட்டும் வாசிப்பை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு மாதா கோயிலில் அவன் கீபோர்டுதான். காய்ச்சல் வந்தாலும் போவான். அப்படிப்பட்டவனிடம் பத்துப் பாட்டு கேட்டால் நூறு போட்டுவிட்டு, இன்னும் இருக்கிறது என்பான் என்றுதான் நாங்கள் எல்லாரும் பயந்துகொண்டிருந்தோம்.

ஆள் ஒன்றுகூடப் போடவில்லை. வெளியேறிவிட்டான்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி அடித்தேன். மகள் ஸ்டெல்லா எடுத்தாள். சேவியர் அவளோடும் மருமகனோடும் பெருநிலத்தில், பத்து காவான் என்கிற ஊரில் இருக்கிறான். அப்பா யாரோடும் பேசுவதில்லை என்றாள். அறையிலேயே இருக்கிறாராம். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாராம், சாப்பிடுகிறாராம், போய்விடுகிறாராம். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"கீபோர்டக் கோயிலுக்கே குடுத்துட்டாரு அங்கிள். இந்த ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வந்து எடுத்துக்குவாங்க. இனிமே வாசிக்கல, வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டாராம். ஏன்னு கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறாரு."

சேவியர் பெண்டாட்டி போனபோதுகூட, அடக்கம் முடிந்து வந்து அந்தக் கீபோர்டு முன்னால்தான் உட்கார்ந்தான். அதை இவன் தூக்கிக் கொடுக்கிறான் என்றால், என்னமோ பெரிதாக ஆகியிருக்கிறது.

மறுநாள் காலையில் என் மகன் வேலைக்குப் போகும்போது அவன் காடியில் ஏறிக்கொண்டேன். அவன் ஃபேக்டரியும் பத்து காவானில்தான். இரண்டாவது பாலம் வழியாகப் போனால் கடல் மேல் போய்க்கொண்டே இருக்கலாம்... பாலம் தீரவே தீராது. எனக்கு அந்தப் பாலம் பிடிக்கும். மகனுக்கு ஜாம் இல்லாததால் பிடிக்கும். எனக்கு, யாரும் பேசாமல் இருக்கலாம் என்பதால் பிடிக்கும். பத்து காவான் எஸ்டேட்டாக இருந்தபோது கலியாணத்துக்கு வாசிக்கப் போய், சேற்றில் வேன் மாட்டி, டோலக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். இப்போது அங்கே லிஃப்ட்டில் ஏறித்தான் நண்பனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. லிஃப்ட்டுதான் நல்லது, சந்தேகமே வேண்டாம்.

கதவைத் திறந்தவன் சேவியர்தான். என்னைப் பார்த்ததும் திட்டுவான் என்று நினைத்தேன். ஆனால் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தான். அறை மூலையில் கீபோர்டு – பெட்ஷீட் சுற்றி, வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்தான். வெளியூர் போகும் ஆளைப் போல நின்றது அது.

நான் கேட்கவில்லை. கோப்பியைக் குடித்தேன். சில சமயம் கேட்காமல் இருந்தால்தான் பதில் வரும்.

வந்தது. ஸ்டெல்லா குளிக்கப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்.

"அண்ணனுக்குப் பாட்டுலதான்டா ஆரம்பிச்சிச்சு. எனக்கும் பாட்டுலதான் ஆரம்பிக்குது."

அவன் அண்ணன் அந்தோணியை எனக்கும் தெரியும். நல்ல குரல். ஒரு பண்டிகைப் பூசையில் பாடிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாவது சரணம் வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதுதான் ஆரம்பம். அப்புறம் வீட்டுக்கு வழி போனது. பிள்ளைகள் பேர் போனது. கடைசியில், தனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சேவியரைப் பார்த்து, நீங்கள் யார், ரொம்ப நல்லவராக இருக்கிறீர்களே என்று கேட்டார். அதைச் சேவியர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறான்.

இப்போது இவனுக்கு என்ன?

பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுத்து வைத்தானாம். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஒழுங்காகக் கேட்போம் என்று, காதில் மாட்டிக்கொண்டு போனில் தேடி எடுத்தானாம். முதல் பாட்டு ஆரம்பித்ததுமே என்னமோ மாதிரி இருந்ததாம். சுருதி இறங்கிக் கிடக்கிறது. வேறு யாரோ பாடிய காப்பி போல என்று நினைத்து அடுத்த பாட்டைப் போட்டான். அதுவும் இறங்கித்தான் கிடந்தது. கீபோர்டை எடுத்து வைத்து வாசித்துப் பார்த்தான். எந்த இடத்தில் விரல் வைத்து ஆயிரம் மேடையில் வாசித்தானோ, அந்த இடத்தில் பாட்டு இல்லை. அதற்கு அரைக் கட்டை கீழே இருக்கிறது.

கட்டை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பாட்டு நிற்கிற உயரம், அவ்வளவுதான். அரைக் கட்டை இறங்கினால் கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாசிப்பவனுக்கு, தன் வீட்டு வாசற்படி ஒரு விரல்கடை தாழ்ந்துபோன மாதிரி. கால் இடறும்.

ஸ்டெல்லாவின் போனில் கேட்டான். மருமகனின் கம்ப்யூட்டரில் கேட்டான். பத்துப் பாட்டும் அப்படியே.

"போன் கெட்டுப்போயிருக்குன்னா எல்லாப் போனுமா கெட்டுப்போயிருக்கும்? நீயே சொல்லு. பத்துப் பாட்டும் ஒரே மாதிரி எறங்கிப் போயிருக்குன்னா பாட்டு எறங்கல கோவிந்தா. நான் எறங்கிட்டேன்."

வாய் திறந்தால் பொய்தான் வரும். பாட்டைப் போடு, நானும் கேட்கிறேன் என்றேன்.

போட்டான். முதல் பாட்டு – நாங்கள் அதை வாசிக்காத கலியாணமே கிடையாது, அப்படிப்பட்ட பாட்டு. பழக்கதோஷம், என் கை தானாக மேசையில் தட்ட ஆரம்பித்தது. தட்டுகிறேன்... என் கை முன்னால் போகிறது, பாட்டு பின்னால் வருகிறது. பாசாருக்குப் போகும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. நின்று, சேர்த்துக்கொண்டு, மறுபடி தட்டினேன். மறுபடியும் கை முந்திக்கொண்டது. அடுத்த பாட்டும் அப்படித்தான்.

எனக்கும் பாட்டு இழுக்கிறது, மெதுவாக ஓடுகிறது என்று சொன்னேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நன்றியும் கோபமும் கலந்த பார்வை.

"ஆறுதல் சொல்லாதலா. ஒன் கை என்னைக்கி பாட்டோட போயிருக்கு? பெருமாளண்ணன் அதுக்குத்தான ஒன்ன நாள் பூரா திட்டுவாரு."

நண்பனாக இருப்பதில் இது ஒரு கஷ்டம். நல்ல சேதி சொன்னால் நம்பமாட்டார்கள். அதே சேதியை வேண்டாதவன் சொன்னால் உடனே நம்புவார்கள்.

சரி, குழு கலைந்த பிறகு நீயாகக் கற்றுக்கொண்ட பாட்டு ஏதாவது போடு என்றேன். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே அப்போது தெரியாது. சும்மா அவனை வாசிக்கவைக்கலாம் என்றுதான். பெட்ஷீட்டை அவிழ்த்து, வயரை மாட்டி, வேண்டாவெறுப்பாக வாசித்தான். போனில் பாட்டு, கீபோர்டில் அவன் விரல். இரண்டும் ஒட்டிக்கொண்டது. அரைக் கட்டை இல்லை, அரை மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. என் கையும் பாட்டோடு சேர்ந்து நடந்தது.

இன்னொன்று போட்டான். அதுவும் சரி.

அவன் முகம் தெளியும் என்று பார்த்தால், இன்னும் கறுத்துப்போனது. அண்ணனுக்கும் அப்படித்தானாம். சில நாள் நன்றாகவே இருப்பாராம், பிறகு மறுபடி போய்விடுமாம். பாருங்கள், பயம் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சிதான். தப்பாகக் கேட்டாலும் வியாதி. சரியாகக் கேட்டாலும் வியாதி!

ஆனால் எனக்கு உள்ளே என்னமோ ஓட ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாதவன், கணக்கு எனக்கு மெதுவாகத்தான் வரும். வந்தது. இறங்கிக் கிடக்கிற பத்துப் பாட்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? பத்தும் பெருமாள் அண்ணன் வீட்டில் கற்றது. பத்தும் ஒரே கேசட் செட்டில் கேட்டது.

இதை விளக்கியாக வேண்டும். எங்கள் குழுவில் யாருக்கும் நோட்டு எழுதத் தெரியாது. பாட்டுக் கற்றுக்கொள்வது கேசட்டில்தான். பெருமாள் அண்ணனிடம் ஒரு கேசட் செட்டு இருந்தது. சனிக்கிழமை எல்லாரும் அவர் வீட்டுப் பின்கட்டில் தரையில் உட்கார்வோம். நடுவில் செட்டு. கொஞ்சம் ஓடவிடுவார், நிறுத்துவார், வாசிக்கச் சொல்வார். தப்பு வந்தால் பின்னால் சுற்றி மறுபடி ஓடவிடுவார். பட்டனை அவர் மட்டும்தான் தொடலாம். அது சட்டம். வேறு இடத்தில் கேட்டுவிட்டு வந்து வாசித்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார். நம் செட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி வாசி என்பார்.

பெருமாள் அண்ணன் இன்னும் இருக்கிறார். சுங்கை பாக்காப்பில், மகள் வீட்டில். பத்து காவானிலிருந்து காடியில் போனால் ஒரு கோப்பி ஆறுகிற நேரம்.

போய்க் கேட்போம் என்றேன். சேவியர் ஒரு நிபந்தனை போட்டான். நான் வாயைத் திறக்கக் கூடாது. காதைப் பற்றி, அண்ணனைப் பற்றி, பத்துப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவன்தான் கேட்பான். விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால் பெருமாள் அண்ணனும் ஆறுதலுக்காக ஏதாவது சொல்லிவிடுவார். தானாக வந்தால் மட்டும்தான் அவன் நம்புவான்.

கிராணி வேலை பார்த்தவன் இல்லையா. சரிபார்க்காமல் எந்தக் காகிதத்திலும் சாப்பு, அதாவது முத்திரை, குத்தமாட்டான்.

ஸ்டெல்லாவுக்கு அன்றைக்கு லீவு. சும்மா பெரியவரைப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னதும் சந்தோஷமாகக் காடியை எடுத்தாள். அப்பா அறையை விட்டு வெளியே வந்ததே அவளுக்குப் போதும். வழியில் ரேடியோவைப் போட்டாள். சேவியர் கையை நீட்டி அணைத்துவிட்டான். அதன் பிறகு யாரும் பேசவில்லை. பாலமே இல்லாமல் பாலத்தில் போன மாதிரி இருந்தது.

பெருமாள் அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எண்ணெய் போட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இன்னும் ரெண்டு பேரும் இருக்கீங்களா? நா பேப்பர்ல தேடிக்கிட்டில்ல இருந்தேன்."

மனுஷன் மாறவே இல்லை. எண்பதைத் தாண்டியும் அதே நாக்கு. ஸ்டெல்லாவைப் பார்த்து, ஒங்கப்பன் மேடையில நின்னா கொக்கு மாதிரி இருப்பான் தெரியுமா என்று ஆரம்பித்தார். அவள் சிரித்துக்கொண்டே அவர் மகளோடு அடுப்படிக்குப் போனாள்.

சேவியர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். கேட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, ஆனால் அவன் கை என் முழங்காலைப் பிடித்திருந்தது.

"அண்ணே, நம்ம கேசட் செட்டு ஒண்ணு இருந்திச்சே. ஞாபகம் இருக்கா?"

ஞாபகமா? பெருமாள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். அதை ஒரு கப்பல்காரனிடம் வாங்கினாராம். வெள்ளிக் கலரில் பளபளவென்று இருந்ததாம். பேட்டரி போட்டால் ஒரே நாளில் குடித்துவிடுமாம். பக்கத்து வீட்டுப் பூனை சூட்டுக்காக அதன் மேல்தான் தூங்குமாம், அதனால் மழைக்காலத்தில் கேசட்டுக்குள் ரோமம் போய்விடுமாம். பூனையின் பேரைச் சொன்னார். அந்தப் பூனை யார் வீட்டு மீனைத் திருடியது, அதனால் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை நின்றது என்று சொன்னார். நான் சுற்றி வளைத்துப் பேசுகிறேன் என்று நீங்கள் சில பேர் குறை சொல்கிறீர்கள்... நான் யாரிடம் டோலக்கு கற்றேன் என்று இப்போதாவது புரிகிறதா?

என் வாய் துருதுருவென்றது. என் முழங்காலில் சேவியரின் விரல் இன்னும் அழுத்தியது.

அவர் பூனையை முடித்துவிட்டு எண்ணெய்ப் பாட்டிலைத் தேடும்போது, சேவியர் இரண்டாவது கேள்வியைக் கேட்டான்.

"அது நல்லா ஓடுச்சாண்ணே?"

பெருமாள் அண்ணனின் கை அப்படியே நின்றது. எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாருடா சொன்னா ஒங்களுக்கு?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றான் சேவியர்.

பெரியவர் சொன்னார். செட்டு வாங்கின புதிதில் பாட்டெல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியதாம். ஆனால் கலியாண வீட்டில் எடுபடவில்லையாம். பாட்டு ஆற அமர வருகிறது, ஜனங்கள் பிரியாணியைத் தின்றுவிட்டுக் கொட்டாவி விடுகிறார்கள். மனுஷன் யோசித்திருக்கிறார். ஃபிட்டர் இல்லையா. செட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே மோட்டார் பின்னால் சின்ன ஓட்டை, அதற்குள் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் மோட்டார் வேகமாக ஓடுகிறது.

"கொஞ்சங் கொஞ்சமா திருப்புனேன். பாட்டு சூடாச்சு. சுருதியும் கூடவே ஏறிச்சு. ஏறி, அடுத்த கட்டையில போயி சரியா ஒக்காந்திச்சு பாரு... அங்க நிறுத்திட்டேன். அரைக் கட்டதான். ஒங்ககிட்ட சொன்னா ஒரிஜினலு ஒரிஜினலுன்னு உயிர வாங்குவீங்க. அதான் சொல்லல."

அதனால்தான் பட்டனை யாரும் தொடக் கூடாது என்று சட்டம். அதனால்தான் நம் செட்டில் எப்படியோ அப்படி வாசி.

சேவியர் கண்ணாடியைக் கழற்றினான். வேட்டி இல்லை, பேன்ட் போட்டிருந்தான். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பெருமாள் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. பையன் கோபித்துக்கொண்டான் என்று நினைத்துவிட்டார். எழுபதைத் தாண்டிய பையன்!

"அதுக்குப் போயி இப்ப அழுவுறியாலா? சரி, தப்புதான். மன்னிச்சுக்க."

அப்போது சேவியர் சிரித்தான். முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு தோள் குலுங்கியது. பிறகு நிறுத்தவே முடியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவன் சாய்ந்து, வழிந்து, கிட்டத்தட்டத் தரைக்கு வந்துவிட்டான். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் பெரியவரும் சிரித்தார். ஸ்டெல்லா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவளிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். அரைக் கட்டை, பத்துப் பாட்டு, அண்ணன், எல்லாம். அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பயந்துகொண்டிருந்தது வேறாம். அப்பாவுக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டதோ என்று, வேலைக்குப் போன இடத்திலும் மணிக்கொரு தரம் போன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்தது நல்லதுக்குத்தான்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா என்னாப்பா? நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

சேவியர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். இந்த வயசுக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவோம், எதற்கும் இருக்கட்டும் என்றாள். முந்தின நாளாக இருந்தால் அந்தப் பேச்சுக்கே எழுந்து போயிருப்பான். இப்போது, ஆ, போலாம்லா, நாளைக்கேகூடப் போலாம் என்றான். பயம் இருக்கும்போது போகமுடியாத இடத்துக்கு, பயம் போனதும் கிளம்பிவிடுகிறோம். மனுஷ புத்தி.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. வாய்ப்பூட்டு அவிழ்ந்துவிட்டதால் கேட்டேன். அதே பாட்டெல்லாம் அப்போது ரேடியோவிலும் வந்ததே, நான் வேனில் நாள் பூரா கேட்பேனே... அங்கே சரியான வேகத்தில்தானே ஓடியிருக்கும்? எங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

பெருமாள் அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தெரியாமலா? நீங்க ரெண்டு பேரும்தானடா சொன்னீங்க. ரேடியோ ஸ்டேஷன்ல மெஷினு கெட்டுப்போச்சு, பாட்ட இழுத்துப் போடுறானுங்கன்னு."

சொன்னோம். ஆமாம், சொன்னோம். எனக்கு அப்படியே ஞாபகம் வந்துவிட்டது. நானும் சேவியரும் கோப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, இந்த ரேடியோக்காரர்களுக்கு ஒரு மெஷின் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லை என்று திட்டியிருக்கிறோம். எத்தனையோ தடவை. கடைக்காரனும் ஆமாம் போட்டான்.

யோசித்துப் பாருங்கள். இருபது வயசில் எங்கள் காதும் ரேடியோவும் ஒத்துவரவில்லை – ரேடியோ ஸ்டேஷன் மொத்தமும் தப்பு, நாங்கள் சரி. துளி சந்தேகம் வரவில்லை. எழுபது வயசில் அதே காது, அதே பாட்டு, ஒத்துவரவில்லை – உடனே நான் போய்விட்டேன், எனக்கு மூளை கலங்கிவிட்டது, கீபோர்டைக் கட்டு. இரண்டு தடவையும் குற்றவாளி ஒரு ஸ்க்ரூதான். இரண்டு தடவையும் நாங்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எந்த வயசில் நம் மேல் நமக்கு இருந்த நம்பிக்கை இப்படித் தலைகீழாகிறது? யாரும் வந்து சொல்வதில்லை. சாவி எங்கே என்று தேடுகிறோம், ஒரு பேர் நாக்கில் நிற்கிறது ஆனால் வரமாட்டேன் என்கிறது. இளவட்டங்களுக்கும் அதெல்லாம் நடக்கிறதுதான். என் மகன் வாரத்துக்கு இரண்டு தடவை காடிச் சாவியைத் தேடுகிறான். அவன் சாவியைத்தான் திட்டுகிறான். நாங்கள் எங்களைத் திட்டிக்கொள்கிறோம்.

திரும்பி வரும் வழியில் ஸ்டெல்லா ரேடியோவைப் போட்டாள். இந்த முறை சேவியர் அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து கீபோர்டு எடுக்க வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தட்டு மீகூன் கோரெங் கொடுத்து, இனி நானே வாசிக்கிறேன் என்று வெறுங்கையோடு அனுப்பிவைத்தானாம். அவர்களுக்கும் அதில் சந்தோஷம்தான். வாசிக்கமாட்டேன் என்ற வாயால் வருகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு இவன் போகாததால், மாற்று ஆளும் கிடைக்காமல் அன்றைக்குப் பூசையில் வெறும் கைத்தட்டலில் பாடியிருக்கிறார்கள். கேட்டவர்கள் சொன்னார்கள் – அரைக் கட்டையெல்லாம் இல்லை, ஆளுக்கொரு கட்டையாம்.

அன்று சாயங்காலம் குரூப்பில் சேவியரைத் திரும்பச் சேர்த்தார்கள். வந்த வேகத்தில் பத்துப் பாட்டையும் போட்டான். ஜம்பமே இல்லை, முதல் பாட்டே கலியாணக் குத்துப் பாட்டு. கீழே ஒரு குறிப்பு. இதெல்லாம் மெதுவாக ஓடுகிற காப்பி, மன்னிக்கவும், ஒரிஜினல் பெருமாள் அண்ணனிடம்தான் இருந்தது என்று.

அந்தக் கடுக்கன் பையன் பத்தையும் கேட்டுவிட்டு, எனக்கு ஒன்றும் மெதுவாகத் தெரியவில்லையே அங்கிள் என்று எழுதியிருந்தான். சேவியர் உடனே பதில் போட்டான்.

"ஒங்காதக் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டு தம்பி."

ஆளு திரும்பி வந்துவிட்டான் என்று அப்போதுதான் நான் நிம்மதியாகப் போனைக் கீழே வைத்தேன்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் போங்கள்... ஆனால் போகிற வழியில் ஒரு தடவை, இருபது வயசில் திட்டிய மாதிரி, மெஷினையும் நன்றாகத் திட்டிவிட்டுப் போங்கள்.